ஏலத்துக்கு வந்த வீட்டில் காகங்கள்

அத்தியாயம் 6

மதிலில் வரிசையாக இருந்த காகங்கள் ஆட்களைக் கண்டும் எழும்பவில்லை. தலையைச் சரித்து, சுந்தரேஸ்வரியின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் கைகளில் ஒன்றும் இல்லை. கறுப்புக் கோட்டுக்குக் கீழே சேலைக் கரை மடிப்புக் குலையாமல் இருக்க, பக்கத்து வீட்டுத் தோட்டத்தில், வேலிக்கு இந்தப் பக்கம் நிமிர்ந்து நின்றார். வேலியைத் தாண்டுவதில்லை என்பது அவருடைய சட்டம். பல வருடம் ஜெர்மன் நீதிமன்றங்களில் தமிழுக்கு மொழிபெயர்ப்பாளராக நின்றவர். அடுத்தவர் வீட்டுக்குள் களவாக நுழைந்து எடுத்து வருகிற உண்மைக்கு மரியாதை கிடையாது என்று அங்கே படித்தவர். ஓய்வுபெற்ற பிறகு கெல்சென்கிர்ச்சன் நகரில் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது சொந்தக்காரர் முகம் சுளித்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண் ஊரார் வீட்டு ஊத்தையைக் கிளறுவதா என்று கேட்டார்கள். கிளறவில்லை, கழுவுகிறேன் என்று ஒருமுறை சொன்னார். இரண்டாம் முறை யாருக்கும் சொல்லவில்லை.

"அக்கா, இதுகள் எங்களைக் கடன்காரர் மாதிரிப் பாக்குதுகள்" என்றார் தபோதரன்.

தபோதரன் அவருடைய உதவியாளர். முன்பு பீட்சா கொண்டோடித் திரிந்தவர். நகரத்தில் எந்த வீட்டுக்கு எந்தப் பக்கம் பின்கதவு என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். வாயை மட்டும் மூடத் தெரியாது.

அந்தத் தோட்டத்துக்குச் சொந்தக்காரி திருமதி பிரிங்க்மான், சுரங்கத் தொழிலாளி ஒருவரின் விதவை. வேலிக்கு அப்பால் இருந்த செங்கல் வீட்டைப் பார்க்காமலேயே அதைப்பற்றிச் சொன்னார். அழைப்பு மணியில் இன்னமும் ஒரு ஜெர்மன் பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. அவள் செத்து வீட்டைத் தன்னோடு வாழ்ந்த மனிதருக்கு விட்டுப்போனாள். அந்த மனிதர் உங்கள் பக்கத்து நிறம், யாரோடும் கதைக்கமாட்டார். போன வருடம் மாரிக் குளிரில் அவரும் போய்விட்டார். தகனம் செய்யக்கூட ஆளில்லாமல் நகரசபைதான் எரித்தது. அதற்குப் பிறகுதான் வெளிச்சம் வரத் தொடங்கியது. மின்சாரம் வெட்டின வீட்டில் சின்ன வெளிச்சம் ஒன்று, பொழுதுபட்ட நேரத்தில். நிலவில்லாத நாளில் மட்டும். பிறகு காகங்கள். பிறகு இது.

அவர் தன் கைபேசியை நீட்டினார். சென்ற மாதம், முதல் பனி விழுந்த மறுநாள் காலை எடுத்த படம். அந்த வீட்டின் பின்படிக்கட்டில், வெள்ளைப் பனியில், வெறும் பாதங்களின் அடையாளம். விரல்கள் எல்லாம் தெளிவாகத் தெரிந்தன. ஏறிப்போய், இறங்கி வந்திருந்தன.

அந்தக் குளிரில் உயிருள்ளவர் வெறுங்காலோடு நடக்கமாட்டார் என்றார் திருமதி பிரிங்க்மான். சொல்லிவிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"எங்கட பேய்க்குக் கால் நிலத்தில முட்டாதெண்டுதானே அக்கா சொல்லுறவை" என்றார் தபோதரன். "இது ஜெர்மன் பேய். முத்திரை குத்தின மாதிரி ஒழுங்காப் பதிச்சிருக்கு."

சுந்தரேஸ்வரி படத்தைப் பெரிதாக்கினார். "காலை விடும். கடைசிப் படிக்குக் கீழ பாரும்."

சப்பாத்துத் தடங்கள் வீட்டுக்குப் பின்னால் போகிற ஒடுங்கிய ஒழுங்கையில் இருந்து படிவரை வந்திருந்தன. படியடியில் இரண்டு அடிகளும் பக்கத்தில் பக்கத்தில், கொஞ்ச நேரம் யாரோ வைத்து எடுத்த மாதிரி ஆழமாக. அதற்கு மேலேதான் வெறுங்கால்.

"ஜெர்மன் பேயெண்டால் சப்பாத்தோட ஏறியிருக்கும்" என்றார் சுந்தரேஸ்வரி.



*

இந்த வழக்கைக் கொண்டுவந்தவன் கிருபன். பொதிகள் பிரிக்கும் பெரிய கிடங்கொன்றில் மேற்பார்வையாளன்; நாற்பதைத் தொட்டவன்; முதலீடு என்ற சொல்லை வாய்க்குள் கற்கண்டு போல உருட்டுகிறவன். இணையத்தில் வகுப்பொன்றில் சேர்ந்து படித்திருந்தான். வீட்டு வரி கட்டாதவர்களின் வரிப்பாக்கியில் முதலிடுவது எப்படி என்று அமெரிக்காவில் இருந்து ஒருவர் தமிழில் சொல்லிக்கொடுத்த வகுப்பு. அங்கே, சொந்தக்காரன் வரி கட்டாவிட்டால், அந்தப் பாக்கியை உரிமைப் பத்திரமாக்கி ஊராட்சி விற்குமாம். வாங்கினவனுக்கு வட்டி. கட்டவே இல்லையென்றால் கடைசியில் வீடே கைக்கு வரலாமாம்.

வகுப்பு முடிந்து நகரசபைக்குப் போய், அந்தப் பத்திரம் எங்கே வாங்கலாம் என்று கேட்டிருக்கிறான். கவுண்டரில் இருந்த பெண் அவனுக்குக் காய்ச்சலோ என்று பார்த்தாளாம். ஜெர்மனியில் அப்படி ஒரு பத்திரம் இல்லை. இங்கே வரி நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். சொந்தக்காரன் செத்தாலும் அது சாகாது. நகரசபை நீதிமன்றத்துக்குப் போகும். நீதிமன்றம் வீட்டை ஏலத்தில் விடும். வருகிற காசில் வரிப்பாக்கி வங்கிக் கடனுக்கும் முன்னால் கழியும். ஆகவே இங்கே தொடங்குகிறவன் ஏல மண்டபத்தில்தான் தொடங்கவேண்டும். உள்ளே போய்ப் பார்க்க உரிமையில்லை. ஏல அறிவித்தலில் சொந்தக்காரரின் பெயரும் இருக்காது. வெளியே நின்று பார்த்த வீட்டைத்தான் கேட்கவேண்டும்.

கிருபன் வெளியே நின்று பார்த்த வீடு இதுதான். ஏற்கெனவே ஒருமுறை ஏலத்துக்கு வந்து, கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போயிருந்தது. மற்றவர்கள் பயப்படுகிற இடத்தில்தான் லாபம் என்று வகுப்பில் சொன்னார்களாம். சேமிப்பு முழுவதையும் திரட்டி, கேட்கும் விலைக்குப் பிணையாக வைக்க வங்கிக் காசோலையும் எடுத்துவிட்டான். ஆனால் மனைவி சயந்தினி அந்த வீட்டின் பெயரை எடுத்தாலே விறைத்துப் போகிறாள். பேய் வீடு, வேண்டாம் என்கிறாள். சாப்பிடுகிறாளில்லை.

"பேய் இல்லையெண்டு நீங்கள் ஒருக்கா என்ர மனிசிக்கு நிரூபிச்சுத் தந்தால் போதும், அக்கா" என்று கேட்டிருந்தான். "மிச்சத்தை நான் பாக்கிறன்."

ஏலம் நாளை மறுநாள்.

*

தபோதரனுக்குச் சந்தேகம் எல்லாம் ஜெனிஸ்டன் மேல். வீட்டுக் கடன், காப்புறுதி என்று ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அலுவலகம் வைத்திருக்கிறவன். கிருபனைப் போல இன்னும் பலரைக் கூட்டி வைத்து ஏல வீடுகளைப் பற்றிக் கூட்டம் போடுகிறவன். பேயைக் கிளப்பிவிட்டால் மற்றவர் வரமாட்டார்கள். தானே தனியாக நின்று அடிமாட்டு விலைக்கு எடுக்கலாம்.

ஜெனிஸ்டன் அவர்களைக் கோப்பியோடு வரவேற்றான். பேய்க் கதையைக் கேட்டதும் அவன் முகம் கறுத்தது. அவனுக்கு வருமானமே, வாங்குகிறவர் கடன் எடுக்கும்போது வங்கி தருகிற தரகில்தான். அந்த வீட்டுக்காக நாலு பேரைத் தயார்பண்ணி வைத்திருந்தானாம். வெறுங்கால் படம் கைபேசிகளில் சுற்றத் தொடங்கியதும் கிருபனைத் தவிர எல்லாரும் ஓடிவிட்டார்கள். பேயைப் பிடித்தால் தனக்கும் ஒருமுறை காட்டச் சொன்னான். அதன் மேல் வழக்குப் போடவேண்டும் என்றான்.

காருக்குள் ஏறியதும் தபோதரன் பெருமூச்சு விட்டார். "நல்ல கள்ளன், அக்கா. வீணாப் போச்சு."

"அவன் இல்லையெண்டு படத்தைப் பாத்தபோதே தெரியும்."

"அப்ப ஏன் போனனாங்கள்?"

"நீர் வழி முழுக்க அவன்ர பேரைச் சொல்லாமல் வரவேணுமே."

வெருட்ட வருகிறவன் படியடியில் சப்பாத்தைக் கழற்றி ஒழுங்காக வைப்பானா? அதுதான் சுந்தரேஸ்வரியின் கேள்வி. நிலவில்லாத நாள் என்று திருமதி பிரிங்க்மான் சொன்னதை அவர் காருக்குள் இருந்த கோயில் நாட்காட்டியோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஒவ்வொன்றும் அமாவாசை. காகங்கள் சும்மா வந்து உட்காரவில்லை. யாரோ சோறு வைக்கிறார்கள். வருகிறது நம் ஆள், அப்பாவையோ அம்மாவையோ இழந்த ஆள், அந்த வீட்டைக் கோயிலாக நினைக்கிற ஆள்.

"பேய் விரதம் இருக்குதெண்டு சொல்லுறியளோ?" என்றார் தபோதரன். "எங்கட சனம் செத்தும் திருந்தாது போல."

அடுத்த அமாவாசை நாளைக்கு.

*

அன்று மாலை கிருபன் தேத்தண்ணிக்குக் கூப்பிட்டிருந்தான். மனைவிக்குத் துணிவு சொல்ல வேண்டும் என்றான். மூன்றாம் மாடி வீடு, துடைத்து வைத்த மாதிரி. முன்னறைச் சுவரில், இளவயது மனிதர் ஒருவரின் படம். சந்தன நிறப் பிளாஸ்டிக் மாலை, கீழே சிவப்பு மின்விளக்கு. கீழுதட்டை லேசாக மடித்துச் சிரிப்பை அடக்குகிற முகம். அவருடைய கண் அறையில் எங்கே போனாலும் பின்னால் வந்தது.

சயந்தினி வடை கொண்டுவந்து வைத்தாள். முதியோரை வீடு வீடாகப் போய்ப் பராமரிக்கும் சேவையில் வேலை. அதே கீழுதட்டு மடிப்பு, சிரிப்பில்லாமல்.

மாமா, சயந்தினியின் அப்பா, வன்னியில் ஷெல் வீச்சில் போனவர் என்று கிருபன் படத்தைக் காட்டிச் சொன்னான். அப்போது சயந்தினி சின்னப் பிள்ளை. உடம்புகூட மிஞ்சவில்லை. அத்தை அன்று அழித்த பொட்டை இன்றுவரை வைக்கவில்லை. கனடாவில் தங்கை வீட்டில், வெள்ளைச் சேலையோடு இருக்கிறார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து வருடா வருடம் ஐயரைக் கூப்பிட்டு மாமாவின் திவசத்தைத் தானே முன்னின்று செய்விக்கிறான். ஒரு வருடம் தவறியதில்லை. அதைச் சொல்லும்போது அவன் குரலில் பெருமை இருந்தது. சுந்தரேஸ்வரிக்கு அந்தப் பெருமை பிடித்தது. மாமனுக்குத் திவசம் கொடுக்கிற மருமகனை அவர் அதிகம் கண்டதில்லை.

"காகத்துக்கு வைக்கிற வடையும் இப்பிடித்தானோ?" என்று தபோதரன் மூன்றாவது வடையை எடுத்தார். "எண்டால் நான் அடுத்த பிறப்பில காகமாப் பிறக்கிறன்."

"அதொண்டுதான் குறை" என்றான் கிருபன். "முந்திப் பல்கனியில வைக்கிறவ. இப்ப கொஞ்ச வருசமா இல்லை. பறவைக்குத் தீன் போடக்கூடாதெண்டு ஹவுஸ்மைஸ்டர் தடை போட்டிட்டானாம். வேற பொம்பிளையள் எண்டால் சண்டை பிடிச்சிருப்பினம். இவ பேசாமல் விட்டிட்டா. சட்டமெண்டால் சட்டம்தானே."

சயந்தினி வெறும் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

சுந்தரேஸ்வரி கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்தார். பக்கத்துப் பல்கனியில், மரத்தால் செய்த சின்னக் கூரைக்குக் கீழே, சூரியகாந்தி விதைகளைச் சிட்டுகள் கொத்திக்கொண்டிருந்தன. அதற்கு அடுத்த பல்கனியிலும் ஒன்று தொங்கியது. கீழே புல்வெளியில், கட்டடத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டரே ஒரு கம்பத்தில் கூடு வைத்திருந்தார். தேத்தண்ணியை மெதுவாகக் குடித்து முடித்தார்.

புறப்படும்போது சயந்தினி வாசல்வரை வந்தாள். கணவன் உள்ளே நிற்பதைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"பேய் இல்லையெண்டு நீங்கள் சொன்னால் இவர் வாங்கிப்போடுவார், அக்கா. இருக்கெண்டு சொல்லேலாதோ?"

"எனக்குப் பொய் சொல்ல வராது, பிள்ளை."

"பழகினால் வரும், அக்கா" என்றாள் சயந்தினி.

அந்தக் குரல் படியிறங்கும் வரைக்கும் அவர்களோடு வந்தது. 

*

மறுநாள் நாலரைக்கே இருட்டத் தொடங்கிவிட்டது. திருமதி பிரிங்க்மானின் தோட்டத்தில், வேலியோரம் இருவரும் நின்றார்கள். அந்த வீட்டுப் புகைபோக்கியின் மேலே வானம் ஈயத் தகடு போலக் கிடந்தது. மதிலில் காகங்கள் அடைவதற்குப் போகாமல் காத்திருந்தன.

பின்ஒழுங்கையில் நிழல் ஒன்று வந்தது. நீளமான கோட்டு, தலையை மூடிய துணி, கையில் பை. காகங்கள் ஒன்றுகூடக் கத்தவில்லை. இடம் விட்டுத் தள்ளி உட்கார்ந்தன. நிழல் படியடியில் குனிந்தது. சப்பாத்தைக் கழற்றியது. காலுறையையும் கழற்றி, சப்பாத்துக்குள் மடித்து வைத்தது. உறைந்து கிடந்த படிகளில் வெறுங்காலோடு ஏறிப்போய்க் கதவைத் திறந்தது.

தபோதரன் சுந்தரேஸ்வரியின் கோட்டு நுனியைப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியாது.

யன்னலில் சின்ன வெளிச்சம் பூத்தது. அசைந்து, பிறகு நிலைத்து நின்றது. உள்ளே யாரோ மெல்லிய குரலில் பேசினார்கள். பதிலுக்காக இடம் விட்டு விட்டுப் பேசினார்கள். பதில் வரவில்லை. கொஞ்ச நேரத்தில் கதவு திறந்து, கையில் தட்டோடு அந்த உருவம் மேற்படிக்கு வந்தது.

"கா... கா..."

ஜெர்மன் வீட்டுக் கொல்லைகளுக்கு மேலே அந்த அழைப்பு போனபோது திருமதி பிரிங்க்மான் யன்னல் கதவைப் படீரென்று சாத்தினார். காகங்கள் மதிலை விட்டு இறங்கின. மத்தியானத்தில் வைக்கவேண்டிய சோறு அது. வேலை முடிந்து வருகிறவளுக்கு மாரிக்காலம் இந்தப் பொழுதைத்தான் விட்டுவைத்திருந்தது.

"கால் விறைக்கப்போகுது, பிள்ளை" என்றார் சுந்தரேஸ்வரி வேலிக்கு இந்தப் பக்கம் நின்று. "சப்பாத்தைப் போடும்."

சயந்தினி தலைத் துணியை விலக்கினாள். ஓடவில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.



"ஹவுஸ்மைஸ்டர் தடை போடேல்லை" என்றார் சுந்தரேஸ்வரி. "அவரே கூடு வைச்சிருக்கிறார். நீர்தான் நிப்பாட்டினீர். இந்த வீட்டில உயிரோட இருந்த மனிசனுக்குக் காகத்துக்குச் சோறு வைக்க உமக்கு மனம் வரேல்லை."

சயந்தினி தட்டைப் பக்கத்தில் வைத்தாள். சொல்லத் தொடங்கிய பிறகு நிறுத்தவில்லை.

ஐந்து வருடத்துக்கு முன் வேலைத்தலத்தில் புதிதாக ஒரு விலாசம் கொடுத்தார்கள். தனியாக வாழும் நோயாளி, காலையில் போய்க் கழுவித் துடைத்து மருந்து கொடுக்கவேண்டும். பட்டியலில் பெயரைக் கண்டபோது ஒரே பெயரில் எத்தனையோ பேர் என்றுதான் நினைத்தாள். மணியை அடித்தாள். வீட்டில் மாலை போட்டு வைத்திருந்த படத்தின் முகம், நரைத்துப்போய், கதவைத் திறந்தது.

அவர் வன்னியில் சாகவே இல்லை. முன்பே ஜெர்மனிக்கு வந்து, இங்கே ஒருத்தியோடு இருந்துவிட்டார். ஊரில் இருந்த அம்மாவுக்குச் செய்தி வந்தது. புருசன் விட்டுவிட்டுப் போனான் என்று ஊர் சொல்வதைவிடப் புருசன் செத்தான் என்று சொல்வது மரியாதையாக இருந்தது. யுத்த காலம், யாரும் உடம்பைக் கேட்கவில்லை. அம்மா பொட்டை அழித்தாள். தகப்பனில்லாப் பிள்ளை என்று சொல்லித்தான் சயந்தினியைக் கிருபனுக்குப் பேசிச் செய்தார்கள்.

"தன்னைச் சாகடிச்சுப்போட்டினம் எண்டு அவருக்கும் தெரியும்" என்றாள். "திவசத்தண்டு பின்னேரம் வந்து சொல்லுவன், இண்டைக்கு உங்களுக்கு வடை சுட்டதெண்டு. சிரிப்பார். எனக்குக் கொண்டுவரேல்லையோ எண்டு கேப்பார்."

அவர் போன அன்று அவள் வேறொரு வீட்டில் கடமையில் நின்றாள். மகள் என்று சொல்லாதபடியால் யாரும் அவளைக் கூப்பிடவில்லை. கதவைத் திறக்கிற திறப்பு மட்டும் அவளிடம் இருந்தது.

"வித்துப் போகட்டும், அக்கா. ஆரோ வாங்கட்டும். இவர் மட்டும் வேண்டாம். அந்தச் சுவருக்குள்ள இவரோட நான் எப்பிடிக் குடியிருக்கிறது?"

சுந்தரேஸ்வரி இத்தனை வருடம் நீதிமன்றத்தில் கேட்டுக் கேட்டு மனதில் பதிந்ததைச் சுருக்கமாகச் சொன்னார். மகள் இருக்கும்போது அந்த வீடு யாரும் இல்லாத வீடு அல்ல. வேண்டாம் என்று அவள் எழுதிக் கொடுக்கவில்லை. கொடுக்கிற தவணையும் போய்விட்டது. ஆகவே வீடும் அவளுடையது, வரிப்பாக்கியும் அவளுடையது. பாக்கியைக் கட்டுவதாக வாரிசு முன்னுக்கு வந்து, நகரசபை சம்மதித்தால் ஏலம் நிற்கும். நாளைக்கு அவள் புருசன் தன் வாழ்நாள் சேமிப்பைக் கொட்டி ஏலத்தில் எடுக்கப்போவது தன் மனைவியின் வீட்டை.

தபோதரன் மெல்ல விசிலடித்தார். "உப்பிடி ஒரு முதலீட்டை எந்த வகுப்பிலயும் சொல்லிக்குடுக்கேல்லை."

சயந்தினி சிரிக்கவில்லை. "அம்மா இன்னும் பொட்டு வைக்கேல்லை, அக்கா."

வேலிக்கு இந்தப் பக்கம் நின்றவருக்கு அந்த ஒரு வரி முழுவதும் விளங்கியது. குடும்பத்தின் பெயர் என்றால் என்ன விலை என்று அவருக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. சொந்த வீட்டிலேயே, நாலு சுவருக்கு வெளியே போகக்கூடாத கதைகளை நாலு சுவருக்குள் வைத்தவர் அவர். கொஞ்ச நேரம் யன்னலில் தெரிந்த விளக்கையே பார்த்தார்.

"மானம் பொய்யில நிக்கிறதெண்டால், ஆரோ ஒராள் எந்நேரமும் அதைத் தோளில தாங்கிக்கொண்டு நிக்கவேணும்" என்றார். "இவ்வளவு காலமும் அம்மா நிண்டா. இப்ப நீர், பனிக்குள்ள வெறுங்காலோட. இதுக்குப் பிறகு ஆர்?"

பதிலுக்குக் காத்திருக்காமல் திரும்பி நடந்தார்.

கிருபனுக்கு அன்றே தொலைபேசி எடுத்தார். பேய் இல்லை என்றார். வருவது ஒரு ஆள், அந்த ஆளே தன் வாயால் சொல்லட்டும், அதுவரைக்கும் விலை கேட்கவேண்டாம் என்றார். பேய் இல்லை என்றதற்குப் பிறகு சொன்னது எதுவும் கிருபனின் காதில் ஏறவில்லை.

"முழுக்கச் சொல்லியிருக்கலாமே, அக்கா" என்றார் தபோதரன்.

"பேய் இருக்கோ இல்லையோ எண்டுதான் அவன் கேட்டவன்."

*

ஏல மண்டபத்தில் பாதிக் கதிரைகள் வெறுமையாக இருந்தன. முன்வரிசையில் கிருபன், இஸ்திரி போட்ட சேட்டோடு, காசோலை வைத்த கோப்பை மடியில் பிடித்தபடி. மனைவி வேலைக்குப் போய்விட்டாள் என்றான். முகத்தில் வென்றுவிட்ட களை.

நீதிமன்ற அதிகாரி கண்ணாடியைச் சரிசெய்து, சொத்தின் விவரத்தை வாசித்தார். தெரு. வீட்டு இலக்கம். ஏலம் விடக் கோரியவர்: நகரசபை, காரணம்: செலுத்தப்படாத நிலவரி. காணிப் பதிவேட்டில் உள்ள சொந்தக்காரர், இறந்துவிட்டார்: வாசுதேவன் இராமலிங்கம்.

கிருபனின் தலை நிமிர்ந்தது. வருடா வருடம் ஐயர் எள்ளும் நீரும் விடும்போது, அவன் பக்கத்தில் இருந்து திருப்பிச் சொல்லும் பெயர். மாலை போட்ட படம் அங்கே தொங்குவது போலச் சுவரைப் பார்த்தான். பிறகு, யாரோ கூப்பிட்டது போல மெல்லத் திரும்பிப் பார்த்தான்.

பின்கதவடியில் சயந்தினி நின்றாள்.

விலை கேட்கலாம் என்று அதிகாரி அறிவித்தார். ஒருவரும் எழும்பவில்லை. அந்த அமைதிக்குள் சயந்தினி நடந்து வந்து மேசைக்கு முன்னால் நின்றாள். ஒவ்வொரு நாளும் ஜெர்மன் நோயாளிகளோடு ஜெர்மனில் கதைத்துப் பிழைக்கிறவள்; அந்த நேரம் ஒரு சொல் வரவில்லை. தமிழிலும் வரவில்லை. சுந்தரேஸ்வரியைத் தேடினாள்.

சுந்தரேஸ்வரி எழுந்து போய் அவளுக்கு இடப்பக்கம், மொழிபெயர்ப்பாளர் நிற்கிற இடத்தில் நின்றார்.

"அவர் என்ர அப்பா" என்றாள் சயந்தினி. "போன வருசம்தான் செத்தவர். அதுக்கு முதல் சாகேல்லை."

மொழிபெயர்ப்பாளர் தன்னைப் பற்றிச் சொல்வது போலத்தான் சொல்லவேண்டும். அது அந்தத் தொழிலின் விதி. ஒரு குடும்பம் இத்தனை காலம் மூடி வைத்ததைச் சுந்தரேஸ்வரி, முதுகு வளையாமல், குரல் தளராமல், என்னுடைய அப்பா என்று அந்த மண்டபத்துக்குச் சொன்னார்.

அதிகாரி பேனையைக் கீழே வைத்தார். பிறகு நடந்ததெல்லாம் அமைதியாக நடந்தது. அவள் கொண்டுவந்திருந்த பிறப்புப் பத்திரத்தைப் பார்த்தார்கள். நகரசபையின் சார்பில் வந்திருந்த பெண், பாக்கியைக் கட்டத் தவணை தந்து ஏலத்தை நிறுத்திவைக்கச் சம்மதித்தாள். தங்களுக்கு வரி வந்தால் போதும், வீடு தேவையில்லை என்றாள்.

எல்லாம் முடிந்து திரும்பியபோது முன்வரிசைக் கதிரை வெறுமையாக இருந்தது. கிருபன் போயிருந்தான்.

காரில் ஏறியபோது சயந்தினி தன் வீட்டு விலாசத்தைச் சொல்லவில்லை. "அங்க விடுங்கோ" என்று மட்டும் சொன்னாள். தபோதரன் காரை அவள் அப்பாவின் வீட்டுப் பக்கம் திருப்பினார்.

பின்ஒழுங்கையால் நடந்து போனார்கள். மதிலில் காகங்கள் இருந்தன. படிக்கட்டை நெருங்கியபோது முன்னால் போன சயந்தினி நின்றுவிட்டாள்.

கடைசிப் படிக்குக் கீழே, பக்கத்தில் பக்கத்தில், ஒரு சோடி ஆண் சப்பாத்து. காலுறை உள்ளே மடித்து வைத்திருந்தது.

கிருபன் மேற்படியில், மூடிய கதவில் சாய்ந்து, வெறுங்காலோடு உட்கார்ந்திருந்தான். கால் விரல்கள் சிவந்துபோயிருந்தன. யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவ்வளவு வருசமும் ஐயர் சொன்னதைத்தான் படைச்சனான்" என்றான். "அந்தாளுக்கு என்ன விருப்பமெண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேல்லை."

சயந்தினி படியடிக்கு வந்தாள். "ஊறுகாய். டொக்டர் உப்பே கூடாதெண்டவர். களவாக் கொண்டுவந்து குடுக்கிறனான்."

அவன் தலையை ஆட்டினான். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. அது ஒரு நாளில் போகிற கோபம் இல்லை. ஆனாலும் கதவை விட்டுக் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தான்.

"உள்ள போகேலாமல் இருக்கிறன். திறப்பு உம்மட்டைத்தானே இருக்கு."

அவள் சப்பாத்தைக் கழற்றி அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள். ஏறிப்போய்க் கதவைத் திறந்தாள். பிறகு திரும்பி, வீட்டுக்காரியாக, முதல் தடவை சத்தமாகக் கூப்பிட்டாள்.

"வாங்கோ, அக்கா. அண்ணை, நீங்களும் வாங்கோ."

தபோதரன் ஏற்கெனவே ஒற்றைக்காலில் நின்று சப்பாத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுந்தரேஸ்வரி ஒழுங்கையில் கொஞ்ச நேரம் தயங்கினார். அழைப்பில்லாமல் எந்தப் படியையும் மிதிக்காதவர். இப்போது அழைப்பு வந்திருந்தது. அவர் கைப்பையைத் தபோதரனிடம் கொடுத்துவிட்டு, குனிந்து, சப்பாத்து நூலை அவிழ்த்தார்.